மூன்று மாதம் தாங்கும் ஊசி

அன்புள்ள தும்பிக்கு, அம்மா எழுதுவது.

இரண்டு ஊசிகளுக்கும் வித்தியாசம் தெரியாமல் அம்மா ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கேட்டுப் போட்டுக்கொண்டாள் என்று உன் அண்ணன் உன்னிடம் சொல்லியிருக்கிறான். உன் அண்ணி அதையே கொஞ்சம் பதமாக, "அத்தைக்கு இப்பல்லாம் லேசா தடுமாற்றம்" என்று சொல்லி வருகிறாள். இரண்டும் தவறு. எனக்குத் தடுமாற்றம் எதுவும் இல்லை. எந்த ஊசி எதற்கு என்று தெரிந்துதான் போட்டுக்கொண்டேன். ஊசி போட்ட கையால்தான் இதை எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்துக்கொள். கான்வென்டில் படித்தவள் எழுதினால் தமிழ்கூடச் சாய்ந்துதான் நிற்கும் என்று உன் அப்பா கேலி செய்வார். சாய்வு பழையதுதான். நடுக்கம் இல்லை.

உன் அண்ணனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு என்னை எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனவன் அவன்தான். டாக்டர் வயதில் சின்னவர். என் வலது கையை நீட்டச் சொல்லி, மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லி, தூக்கிய கையைத் தன் கையால் கீழே அழுத்தினார். நான் பேசாமல் இருந்தேன். "வலிக்கலையா?" என்று கேட்டார். வலிக்கிறது என்றேன். "அப்போ சொல்லணும்லம்மா" என்றார். கேட்டதும் சொல்லிவிட்டேனே என்றேன். இதற்கு டென்னிஸ் எல்போ என்று பெயராம். அதைக் கேட்டு உன் அண்ணன் சிரித்துவிட்டான். நான் டென்னிஸ் மட்டையைத் தொட்டதுகூட இல்லை. எங்கள் கான்வென்டில் டென்னிஸ் மைதானம் ஒன்று இருந்தது, அதில் சிஸ்டர்கள் துணி காயப்போடுவார்கள். அவ்வளவுதான் எனக்கும் அந்த விளையாட்டுக்கும் உள்ள உறவு. மாடி வீட்டுத் தையல்காரி இப்போது என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எந்தக் கிளப்புல ஆடுறீங்கம்மா?" என்று கேட்கிறாள்.

நான் ஆடிய ஆட்டம் எது என்று உனக்குத் தெரியும். உன் அப்பா படுக்கையில் இருந்த இரண்டு வருஷமும், சரிந்து சரிந்து கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்விடும் அவரை விரிப்போடு சேர்த்து இறுகப் பிடித்து மேலே இழுத்த கை இது. அவர் போன பிறகு நீ வந்திருந்த நாட்களில், நான் வெந்நீர்க் கெட்டிலை இரண்டு கையாலும் தூக்கியதைப் பார்த்துவிட்டாய். அப்போது ஒன்றும் சொல்லாமல் கெட்டிலை வாங்கி வைத்தாய். இப்போது நான் அங்கே வருகிறேன் என்று சொல்லும்போதெல்லாம் அந்தக் கெட்டிலைத்தான் குறுக்கே வைக்கிறாய். போன முறை போனில், "அப்பாவைத் தூக்கித்தான் உன் கை போச்சு. என்னையும் தூக்கி மிச்சமும் போகணுமாம்மா?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு உடனே சிரித்தாய். அந்தச் சிரிப்பு வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நாள் மாப்பிள்ளை போன் செய்தார். பால்கனியில் நின்று பேசினார் போலிருக்கிறது, கீழே வண்டிகள் போகிற சத்தம் கேட்டது. மருந்து ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள் என்றும், இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்றும், காலையில் ஒரு நர்ஸ் வந்து உன்னைக் குளிப்பாட்டிவிட்டுப் போகிறாள் என்றும், மற்ற நேரமெல்லாம் தான்தான் என்றும் சொன்னார். உன் டாக்டர் சொன்ன நாள் கணக்கையும் சொன்னார். அதை நான் இங்கே எழுதமாட்டேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. நான் கேட்டேன், அவர் சொன்னார். அவருக்குப் பொய் சொல்ல வராது என்பதை முதல் நாளே கவனித்தேன். அதனால்தான் உன்னை அவருக்குக் கொடுக்கச் சம்மதித்தேன். இப்போதும் அவர் அழவில்லை. பேச்சை நிறுத்தி, வண்டி போகட்டும் என்று காத்திருப்பதுபோல் காத்திருந்துவிட்டு, மறுபடி பேசினார்.

உன் அண்ணனுக்கு நீ வைத்தியத்தில் இருப்பது மட்டும்தான் தெரியும். மீதியை நான் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

இனி ஊசி விஷயம். டாக்டர் விளக்கியதை முழுவதும் கேட்டேன். விளங்காத இடத்தில் நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னேன். உன் அண்ணன் நாற்காலியில் நெளிந்தான். ஸ்டீராய்டு ஊசி என்று ஒன்று. வலிக்கிற இடத்தில் நேரே போடுவது. சில நாளிலேயே வலி இறங்கிவிடும், மூன்று மாதம் போலக் கை நன்றாக இருக்கும். பிறகு பெரும்பாலும் வலி திரும்பிவிடும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், எந்த ஊசியும் போடாமல் இருந்தவர்களைவிட இதைப் போட்டுக்கொண்டவர்களின் கை மோசமாக இருக்கிறதாம். இன்னொரு ஊசிக்கு நம் ரத்தத்தையே எடுக்கிறார்கள். அதை இயந்திரத்தில் சுற்றவிட்டு, பிரிந்து வருகிற மஞ்சள் நீரை முழங்கையில் செலுத்துகிறார்கள். முதலில் வலி கூடும், பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும், ஆனால் வந்த பலன் நிலைக்கும் என்று சொல்கிறார்கள் என்றார். யார் சொல்கிறார்கள் என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வெறும் உப்புத் தண்ணீரை ஊசியாகப் போட்டவர்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் குணம் தெரிந்தது என்று சொல்கிற ஆய்வுகளும் இருக்கின்றன என்று ஒப்புக்கொண்டார். நேர்மையான பிள்ளை. ஊசியே வேண்டாம், கையில் பட்டை கட்டிக்கொண்டு பயிற்சி செய்தால் ஒரு வருஷத்தில் முக்கால்வாசிப் பேருக்குத் தானாகச் சரியாகிவிடும் என்பதையும் அவரே சொன்னார்.

"உங்களுக்கு அவசரம் இல்லேன்னா காத்திருங்க. இல்லேன்னா ரத்த ஊசி போடலாம். ஸ்டீராய்டு மட்டும் வேண்டாம்மா" என்றார். எனக்கு முன்னால் உன் அண்ணன் பதில் சொன்னான். "அம்மாவுக்கு என்ன டாக்டர் அவசரம், வீட்லதானே இருக்காங்க. நிலைக்கிறதையே போடுங்க" என்றான். அவன் அன்பாகத்தான் சொன்னான். நான் ஸ்டீராய்டு போடுங்கள் என்றேன். "அது மூணு மாசம்தாம்மா தாங்கும்" என்று டாக்டர் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். மூன்று மாதம் போதும் என்றேன். "அடுத்த வருஷம் வந்து என்னைத் திட்டக் கூடாது" என்றார். திட்டமாட்டேன் என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. திரும்பும் வழியில் உன் அண்ணன் என்னை முதலில் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். அங்கே அடுக்களையில் உன் அண்ணியிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது அவர்களுக்கு அடிக்கடி மறந்துபோகிறது. ஒரு வார்த்தை சொன்னால் நான் தெளிவாக இருக்கிறேன் என்று புரியவைத்துவிடலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தை உன்னைப் பற்றியது. நீ வாய் திறக்கும்வரை நான் புத்தி தடுமாறியவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். இந்த வயதில் இந்தப் பெயரைச் சுமப்பேன் என்று நினைத்ததில்லை. பரவாயில்லை, உன் அப்பாவைவிடக் கனம் குறைவுதான்.

ஊசி போட்ட பிறகு இரண்டு வாரம் எதையும் தூக்காதீர்கள் என்றார். கெட்டிலைக்கூட இடது கையால்தான் எடுத்தேன். இப்போது வலி இல்லை. தாழ்ப்பாளைத் திறக்கிறேன், ஈரத் துணியைப் பிழிகிறேன், பாட்டில் மூடியைத் திருகுகிறேன். பிசியோதெரபி செய்கிற பெண் ஒரு விஷயம் கற்றுக்கொடுத்தாள். உள்ளங்கை கீழே பார்க்கும்படி பிடித்துத் தூக்கினால் பாரமெல்லாம் முழங்கையின் வெளிப்பக்கத்தில் விழுகிறதாம். உள்ளங்கை மேலே பார்க்கும்படி, அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். இரண்டு வருஷமும் நான் தப்பாகத்தான் பிடித்திருக்கிறேன், யாரும் சொல்லவில்லை.

அதனால் மாடி வீட்டுத் தையல்காரியை உன் அப்பாவின் கட்டிலில் படுக்கவைத்துப் பழகினேன். முதல் தடவை கூச்சத்தில் நெளிந்து சிரித்துக்கொண்டே இருந்தாள். நோயாளி சிரிக்கக் கூடாது, உடம்பைத் தளர விடு என்று அதட்டினேன். தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் கைகளைக் கொடுத்து அவளை மேலே நகர்த்தினேன், பக்கம் திருப்பினேன், உட்காரவைத்துத் தலையணையை முதுகுக்குக் கொடுத்தேன். கை வலிக்கவில்லை. "நல்லாத்தான் தூக்குறீங்க. யாருக்கும்மா இவ்வளவு பழக்கம்?" என்று கேட்டாள். ஒரு சொந்தக்காரருக்கு என்றேன். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு தானாகவே மறுபடி படுத்துக்கொண்டு, "இன்னொரு தடவை பண்ணிப் பாருங்க" என்றாள்.

அவளுக்கு உன்னளவு உயரம் இல்லை. மாப்பிள்ளை சொல்வதைப் பார்த்தால் இப்போது உன் எடையும் அவளளவு இருக்காது.

கேட்காத வீட்டுக்கு நான் போனதில்லை. மகள் வீடானாலும் அப்படித்தான். அது என் வீம்பு என்று நீ சொல்வாய், இருக்கட்டும். ஆனால் வீம்பு மட்டும் இல்லை. உன் அப்பா முதல் மாதம் என்னைத் தொட விடவில்லை. ஆள் வைத்துக் குளிப்பாட்டச் சொன்னார். என் முன்னால் அப்படிக் கிடக்க அவருக்கு முடியவில்லை. நான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், உள்ளே போகவில்லை. ஒரு நாள், "அங்க என்ன பண்றே, இங்க வா" என்றார். அதன் பிறகு கடைசிவரை என் கைதான். நீ அவர் மகள். உன் படுக்கைக்கு யார் வரலாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. அதை நான் பறிக்கமாட்டேன். காத்திருக்க எனக்குத் தெரியும். இந்த ஊசிக்குத் தெரியாது.

இங்கே எல்லாம் ஒழுங்குபடுத்திவிட்டேன். சாவியைத் தையல்காரி வாங்கிக்கொள்வாள், செடிகளுக்குத் தண்ணீரும் ஊற்றுவாள். உன் அண்ணனிடம் நானே பேசிக்கொள்வேன். வந்தால் உனக்குத் தொந்தரவாக இருக்கமாட்டேன். அறிவுரை சொல்லமாட்டேன். உன் அலமாரியை அடுக்கமாட்டேன், அடுக்காமல் இருக்க முயல்வேன். நீ தூங்கும்போது மாப்பிள்ளையும் தூங்கட்டும், அவர் குரலில் தூக்கம் இல்லை. ஓர் இடத்தில் நிற்காமல் ஓடுகிறாய் என்றுதான் உன் அப்பா உனக்குத் தும்பி என்று பெயர் வைத்தார். இப்போது ஒரு பக்கமாகப் படுத்தே கிடப்பது உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். திருப்பிவிட ஆள் வேண்டும்.

என் கையை நினைத்துக் கவலைப்படாதே. அடுத்த வருஷம் வலி திரும்பி வந்தால் வரட்டும். அப்போது இந்தக் கைக்கு வேலை இருக்காது.

வலி இல்லாத இரவுகள் உனக்குக் கிடைக்கட்டும். தினமும் அதை மட்டும்தான் வேண்டிக்கொள்கிறேன், வேறு எதையும் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

போனில் பதில் சொல்லாதே. போனில் நீ சிரித்துவிடுவாய், நானும் சரி என்று வைத்துவிடுவேன். விடுதியிலிருந்து நீ எழுதிய கடிதங்களை நான் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியதை இன்றும் சொல்லிக் காட்டுகிறாய். இந்தத் தடவை எதையும் திருத்தமாட்டேன், திருப்பியும் அனுப்பமாட்டேன். கோணல்மாணலாக இருந்தாலும் சரி, ஒரு வரி போதும். நான் வரலாமா, வேண்டாமா என்று உன் கையால் எழுதி அனுப்பு.

உன்
அம்மா