எங்கள் மேட்டுக்காட்டு உரம் குட்டையில் இறங்கியது பற்றி

முருகன் துணை

அனுப்புநர்:
க. மயிலாள்,
(கணவர் பெயர்: கன்னையன்)
வேலாங்காட்டுப்புதூர்,
ஊத்துக்குளி வழி.

பெறுநர்:
வேளாண்மை விரிவாக்க அலுவலர் அவர்கள்,
ஊராட்சி ஒன்றிய அலுவலகம்,
ஊத்துக்குளி.

பொருள்: ஊர்க் குட்டை பச்சையானதற்கு எங்கள் காட்டு உரம் காரணமா எனச் சோதித்துச் சொல்ல வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 18-10-1970 ஞாயிறு காலை குட்டைக்கரையில் இருந்தவர்கள்: ஊர்ப் பெரியவர் ஆறுச்சாமி, எருமை வைத்திருக்கும் செல்லாத்தாள், நூலுக்குச் சாயம் போடும் அர்த்தநாரி, அவர் மனைவி அமராவதி, என் கணவர், நான். ஆக ஆறு பேர்.

2. தண்ணீர் பாசி கட்டி, அரைத்த கீரை போலக் கிடக்கிறது. எருமை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. அர்த்தநாரி அங்கே நூல் அலசுவதால்தான் இப்படி ஆயிற்று, தீபாவளிக்குள் அவர் குடும்பம் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. அமராவதிக்கு இது ஏழாம் மாதம். "பச்சைச் சாயத்தக் கரைச்சு உட்டுப்போட்டு நிக்கறதப் பாருங்க" என்று செல்லாத்தாள் சொன்னபோது அர்த்தநாரி தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். முழங்கை வரை அரக்குச் சிவப்பு. இரண்டு மாதமாக அவர் போடுவது அரக்கு நூல் மட்டுமே. அதை யாரும் கேட்கவில்லை. நானும் அப்போது வாய் திறக்கவில்லை.

3. வீட்டுக்கு வந்து என் நோட்டைப் பார்த்தேன். நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. காலண்டர் தாளைப் பார்த்து எழுதப் பழகியவள். மழை, விதைப்பு, கன்று ஈன்றது எல்லாம் எட்டு வருடமாகக் குறித்து வருகிறேன். 29-9 செவ்வாய் மாலை, மேட்டுக்காட்டில் பருத்திக்கு அடியுரமாக ஆறு மூட்டை சூப்பர் பாஸ்பேட் தூவினோம். பொழுது இறங்கிவிட்டதால் உழுது மண்ணுக்குள் தள்ளவில்லை. மறுநாள் காலை என் கணவர் ஏர் பூட்டப் போனார். மகாளய அமாவாசையன்று காளைக் கழுத்தில் நுகம் வைக்கக் கூடாது என்று தடுத்தவள் நானே. உரம் மேலாகவே கிடந்தது. அன்று மாலை கனத்த மழை. நோட்டில் என் கையெழுத்து, "நல்ல மழை. முருகன் கண் திறந்தான்" என்று இருக்கிறது. வாய்க்காலில் சாம்பல் நிறமாக ஓடியதைப் பார்த்தும், மண்தானே என்று இருந்துவிட்டேன்.

4. பாசி முதலில் கட்டியது எங்கள் வாய்க்கால் விழும் வடக்கு மூலையில். அர்த்தநாரி அலசும் கல் தெற்கே இருக்கிறது. போன வருடம் ஐப்பசியிலும் "குட்டை பச்சை" என்று குறித்திருக்கிறேன். நாங்கள் சூப்பர் போட ஆரம்பித்தது அந்த வருடம். அர்த்தநாரி குடும்பம் ஊருக்கு வந்ததோ அதற்கப்புறம் வந்த தை மாதம். நூல் அலசுவதில் கெடுதலே இல்லை என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை, ஐயா. தாங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

5. வசவு வாங்கிய அன்று மாலையே அமராவதி பொதுக் கிணற்றில் இரண்டு குடம் இறைத்து வந்து எங்கள் கன்றுக்கு வைத்தாள். "குட்டைத் தண்ணி காட்டிறாதீங்க்கா, பச்சக் கன்னு" என்றாள். அதற்குப் பிறகு சாமி விளக்கு ஏற்ற எனக்குக் கை வரவில்லை. என் கணவரிடம் எல்லாம் சொன்னேன். "ஊரே அவனக் கை காட்டுது, நீ நம்மூட்டுக் காட்டையே காட்டறயே புள்ள" என்று சிரித்தார். விடிந்ததும் அவரே கயிறு போட்டு அளந்தார். வரப்பிலிருந்து குட்டை அறுபது முழம், முழுக்கச் சரிவு. அளந்த பிறகு அவர் சிரிக்கவில்லை. ஆறுச்சாமி அவர்களிடம் போய்ச் சொன்னோம். "ஆபீசர் எழுத்துல குடுத்தா அவிய ஊரக் காலி பண்றத நிறுத்தி வெக்கறனுங்க" என்றார்.

6. ஆகவே தாங்கள் நேரில் வந்து மண்ணையும் தண்ணீரையும் சோதித்து, எங்கள் காட்டில் எவ்வளவு உரம் தங்குகிறது, எவ்வளவு மழையோடு போகிறது, குட்டையைச் சுற்றி இப்படிச் சரிந்த காடுகள் எவை என்று எழுத்தில் தர வேண்டுகிறேன். தப்பு எங்களுடையது என்றால் அப்படியே எழுதுங்கள். வரப்பை உயர்த்தவும், இனி உரம் தூவிய அன்றே உழவும் என் கணவர் சம்மதித்துக் கீழே கைநாட்டு வைத்திருக்கிறார். நோட்டைத் தாங்கள் பார்க்க எடுத்து வைத்திருக்கிறேன்.

தீபாவளி 29-ஆம் தேதி. அதற்கு முன் பதில் வேண்டும், ஐயா.

இடம்: வேலாங்காட்டுப்புதூர்
நாள்: 20-10-1970

இப்படிக்கு,
க. மயிலாள்

கன்னையன் (இடது பெருவிரல் ரேகை)