காக்கா வராத மாடி

அண்ணே, காக்கா திரும்பி வந்துவிட்டது. இன்று காலை ஒரு கல்யாண ரவிக்கைக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தேன். வெளியே கட்டைச்சுவரில் 'கா' என்று ஒரு குரல். கத்தரிக்கோலோடு எழுந்து ஓடினேன். தலையைச் சாய்த்துக் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தது, சனியன். விரட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாலும் கண் வாசலுக்கே போகிறது. கல்யாணத் துணியைக் கோணலாக வெட்டிவிட்டால் யார் பேச்சு வாங்குவது? மடித்து வைத்துவிட்டு உங்களிடம் பேச உட்கார்ந்துவிட்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் இந்த அடுக்குமாடிக்கு நான் குடிவந்த புதிதில், தினமும் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் குரல் கேட்கும். "மாப்பிள்ளை, எந்திரிச்சாச்சா? பசியாறலாமா?" ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணமே கட்டாதவர் என்று கீழ்வீட்டில் சொல்லியிருந்தார்கள். அப்புறம் மாப்பிள்ளை எங்கிருந்து வந்தான் என்று எனக்கு மண்டை குடைந்தது. கதவு திறந்திருந்த ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். மூங்கில் கூண்டுக்குள் உள்ளங்கை அளவில் ஒரு மெர்போக் புறா. மரத்திலிருந்து விழுந்து கிடந்த குஞ்சை எடுத்து வந்து, ஊறவைத்த தினையைத் துளித்துளியாக ஊட்டி வளர்த்ததாகச் சொன்னீர்கள். பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல அத்தனை பெருமை.

நமக்குள் சண்டை வராத வாரம் உண்டா? அவன் உதறுகிற தினை உமியெல்லாம் என் வாசலில்தான் கிடக்கும். கத்துவேன். "சாப்பிட்டா சிந்தத்தானே செய்வான், தங்கச்சி" என்று நீங்கள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வருவீர்கள். என் மீது உங்களுக்குக் கோபம் வந்ததே இல்லை. காக்கா மீதுதான் வரும். ஒருமுறை கூண்டுக் குச்சிகளுக்கு நடுவே அலகை விட்டு அவன் இறக்கையைக் கிழித்துவிட்டது. அன்றிலிருந்து உங்கள் நாற்காலிக்கடியில் ஒரு லாஸ்திக் கவண், சட்டைப்பையில் அடிக்க லோங்கான் பழக் கொட்டைகள். காக்காவுக்கு ஆளை அடையாளம் தெரியும் போலிருக்கிறது. கொஞ்ச காலத்தில் காக்காக்கள் நம் மாடிப் பக்கம் வருவதையே விட்டுவிட்டன.

உங்களை மருத்துவமனையில் சேர்த்த அன்றே அவன் கூவுவதை நிறுத்திவிட்டான். பார்க்க வரும்போதெல்லாம் நீங்கள் கேட்டது 'பய கூவுறானா' என்ற ஒன்றைத்தான். இல்லை என்று சொல்ல மனமில்லாமல், கீழே கார் நிறுத்துமிடத்து மரத்தில் ஒரு மெர்போக் கூவியதைக் கைப்பேசியில் பதிந்து கொண்டுவந்து உங்கள் காதருகே வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள்.

"இது கீழ மரத்துல உள்ளது, தங்கச்சி. நம்ம பய கடைசியில கொஞ்சம் இழுப்பான்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நீங்களோ சிரித்தீர்கள். தினையை ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னீர்கள். அவனை நீயே வைத்துக்கொள் என்று கேட்டிருக்கலாம், அண்ணே. கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் முழித்திருப்பேன். அம்பாங்கில் மகள் எனக்கென்று ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தாள். இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அவளோடு போய்விடுவது என்று பேசி முடித்திருந்தோம். பேரனுக்கு இளைப்பு நோய். இறகு, உமி எதுவும் அந்த வீட்டில் ஆகாது. இது உங்களுக்கும் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை போலிருக்கிறது.

நீங்கள் போன பதினாறாம் நாள் காரியத்தை ஷா ஆலமிலிருந்து வந்த உங்கள் அக்கா மகன்தான் செய்தான். நல்ல பிள்ளை. கட்டைச்சுவரில் இலை போட்டு, சோறும் வடையும் வைத்து, 'கா கா' என்று தொண்டை வறளக் கூப்பிட்டான். ஒரு காக்காகூட வரவில்லை. வெயில் ஏறியது. வந்தவர்கள் பசியோடு நின்றார்கள். ஆத்மாவுக்கு ஏதோ குறை இருக்கிறது, மனதில் எதையாவது வைத்திருந்தாரா என்று காரியம் நடத்த வந்த பண்டாரம் கேட்டார். எல்லோர் கண்ணும் கூண்டுக்குப் போயிற்று. "மாமாவுக்குப் புண்ணியம் லா ஆன்டி, பறக்க விட்டுருவோம்" என்று அவன் கூண்டுக் கதவில் கை வைத்தான். நான் எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை. கூண்டு என் கையில் இருந்தது.

"தம்பி, இதுக்கு வெளியவே தெரியாது. பறக்க விட்டா பொழுது சாயறதுக்குள்ள காக்கா கொத்திரும். இது என் வீட்டுக்கு வருது."

சொன்ன பிறகுதான் அம்பாங் அறை நினைவுக்கு வந்தது. சொன்னது சொன்னதுதான். அப்புறம் உங்கள் லாஸ்திக் கவணுக்குப் பயந்துதான் காக்கா வருவதில்லை என்பதையும் பண்டாரத்திடம் விளக்கினேன். சாவு வீடு என்றுகூடப் பார்க்காமல் சிரித்துவிட்டார்கள். இலையைச் சாப்பாட்டுக் கடைகளின் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தோம். வைத்த கை எடுப்பதற்குள் ஒரு காக்கா வடையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. மாமாவே வந்துவிட்டார் என்று பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டான். நீங்களாவது, காக்காவாக வருவதாவது!

அம்பாங்குக்கு வரவில்லை என்றதும் மகள் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பெற்ற மகளைவிட ஒரு புறா பெரிதா என்று கேட்டாள். இங்கேயும் நிம்மதி இல்லை, அண்ணே. தையல் மெஷின் ஓடும்போதே காது வெளியே இருக்கிறது. பாசாருக்குப் போனால் பாதிச் சாமானை மறந்துவிட்டு ஓடி வருகிறேன். கூண்டைத் துணி போட்டு மூடினோமா, தண்ணீர் வைத்தோமா என்று ஒரே பதைப்பு. அவன் இன்னும் கூவவில்லை. என் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் குச்சியில் இங்கும் அங்கும் நடக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் சமாதானமாகிச் சாப்பிடக் கூப்பிட்டாள். சாப்பிட்டு எழுந்ததும் நல்ல மழை. பேரன் என் பையைப் பிடித்து இழுத்தான். மழை விடட்டும், வீட்டில் யார் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள் மகள். குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். புடவை முழங்கால் வரை நனைந்தது. ரயிலில் உட்காராமல் கதவோரமே நின்றுகொண்டு வந்தேன். வீட்டுக்குப் போக எனக்கு அவசரமாக இருந்தது, அண்ணே. என் வீட்டுக்காரர் போனதிலிருந்து அந்த அவசரம் எனக்கு வந்ததே இல்லை.