தோப்புக்கடையை ஒற்றி எடுத்தது

புரட்டாசி 6. மப்பு.

அகில உலகத்தின் கவனத்திற்கு: என் மீசையில் இன்று நான்காவது முடி உதயம்.

மப்பு வானத்துக்கு மட்டும்தான். தோப்புக் கள்ளுக்கடையை மூடச் சொல்லி சர்க்கார் உத்தரவு போட்டதிலிருந்து ஊரில் வேறு யாருக்கும் இல்லை.

ஓவிய வகுப்பில் சார் காட்டிய பழைய சீமை அச்சுப்படங்களில் பாதி சாராயக்கடைதான். சீட்டாட்டம், பிடில், மேசைக்கு அடியில் நாய். நம் தோப்புக்கடை என்ன மட்டமா? லீவில் உட்கார்ந்து நினைவிலிருந்தே பலகையில் செதுக்கிவிட்டேன். கீற்றுக்கொட்டகை. நண்டு வறுக்கும் செல்லம்மா அத்தை. சிரித்தால் கள் மூக்கில் ஏறும் கோவிந்தன் மாமா. கூலிச் சங்கத்துக் கொடிக்காரர் பக்கத்தில் அப்பா, மொந்தையும் கையுமாக. மற்றக் கையில் சுண்டுவிரல் இல்லை (கதிர் அரிவாள் உபயம்). அங்கே அப்பா பாடுவார். இப்போது விளக்கு வைத்ததும் தூக்கம்.

மை தடவி ஒற்றி எடுத்த தாள், டீக்கடைச் சுவரில். ஊரே கூடி, "ஏய், நம்ம கடைடா!"

7. வெயில்.

பண்ணைக் காரியக்காரர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம். கூலி ஏறிவிட்டது; தோப்புக்கடையில் கொடிக்காரரோடு கூடிப் பேசி ஏற்றவைத்தது யார் என்று தேடுகிறார். ஆள் தெரிந்தால் குறுவை அறுப்புக்குக் கூப்பிடமாட்டார்கள். அறுப்பு இல்லையென்றால் வீட்டில் நெல் இல்லை. அப்பாவை நானே காட்டிக்கொடுத்தாயிற்று. அதுவும் அச்சுப் போட்டு.

8. புழுக்கம்.

டீக்கடைக்கு அப்பாவை வரச்சொல்லி காரியக்காரரிடமிருந்து ஆள் வந்தது. நானும் பின்னாலேயே.

"இது நீதானடா? விரல் இல்லாதவன் வேற எவன் இருக்கான் இங்க?"

அப்பா இரண்டு கையையும் நீட்டினார். "நல்லாப் பாருங்கய்யா. படத்துல இருக்கறவனுக்கு வலது கையில விரல் இல்ல. எனக்கு இடது."

காரியக்காரர் மூக்கு சுவரில் இடிக்கும்வரை கிட்டே போனார்.

கோவிந்தன் மாமா: "எல்லாப் பயலும் இடது கையால குடிக்கிறானுவளே! இது எந்த ஊருக் கடைங்க? சீமையிலயா?"

கடையே சிரித்தது. காரியக்காரர் துண்டை உதறினார். "காலைல அறுப்புக்கு வந்து சேரு."

9. தூறல்.

அப்பா அறுப்புக்குப் போய்விட்டு வந்தார். ஊர் முழுக்க என் மூளையைப் பற்றித்தான் பேச்சு. செல்லம்மா அத்தை நண்டு கொடுத்தனுப்பினாள்.

அப்பா கேட்டார்: "தெரிஞ்சுதானடா கைய மாத்திச் செதுக்குன?"

"பின்ன என்னப்பா? எல்லாம் யுக்தி."

இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன். பலகையில் இருப்பது தாளில் இடவலம் மாறித்தான் விழும். அதனால் படத்தைத் திருப்பி வரைந்துகொண்டு செதுக்க வேண்டும். சார் தொண்டை கிழியச் சொன்னார். மறந்துவிட்டேன். தாளை உரித்துப் பார்த்தபோது அழுகையே வந்தது. வகுப்பில் காட்ட வெட்கமாக இருந்ததால்தான் டீக்கடையில் ஒட்டினேன்.