சொல்லாமல் விட்ட மாத்திரை

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய், கேட்டு என்ன ஆகப்போகிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை, உன் அப்பாவின் இடது கண்தான் போனது போனதாகவே இருக்கிறது. தையல் பிரித்தாகிவிட்டது, விரலை ஆட்டினால் நிழல் மாதிரி ஏதோ தெரிகிறதாம், அவ்வளவுதான்.

கண்புரை ஆபரேஷன் முடியும்வரை கண்பாப்பா சுருங்காமல் இருக்கச் சொட்டு மருந்து நல்லதா, கண்ணுக்குள்ளே போடும் ஊசி நல்லதா என்று நூற்றெண்பது பேரை வைத்து எழுதினாயே, அந்தக் கட்டுரையை அப்பா அச்செடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முடிவெட்டுகிறவர் வரைக்கும் காட்டினார். ஆஸ்பத்திரியிலும் அதை நீட்டி, ரெண்டும் ஒண்ணுதான்னு என் பொண்ணே எழுதியிருக்கா, எனக்குச் சொட்டே போதும் என்றார். மூன்று தடவை விட்டார்கள், நன்றாகத்தான் விரிந்ததாம், பாதி வேலையில் சுருங்கிவிட்டது. டாக்டர் வெளியே வந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ஒண்ணுக்குப் போறதுக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடறாராம்மா என்பதுதான். நாலு வருஷமாகச் சாப்பிடுகிறார், அதுதான் பாப்பாவை விரிந்தபடி நிற்கவிடாதாம். ஆபரேஷனுக்கு முன்னால் நீ போனை ஸ்பீக்கரில் போட்டு மாத்திரைப் பட்டியல் கேட்ட அன்றைக்குச் சர்க்கரைக்கு, பிரஷருக்கு என்று சொன்ன மனுஷன் இதை மட்டும் விழுங்கிவிட்டார், மாப்பிள்ளை காதில் விழச் சொல்ல வெட்கம். மாத்திரை அட்டை என் கையில்தான் இருந்தது. முறைத்தார், நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பாவம் என்னுடையது, மறுக்கவில்லை. ஆனால் நடந்ததைச் சொன்னதும் நீ என்ன சொன்னாய்? அந்த மாத்திரை சாப்பிடறவங்கள நாங்க ஆராய்ச்சியில சேர்க்கவே இல்லம்மா, அதுலயே போட்டிருக்கேனே என்றாய். போட்டிருக்கிறாய், பார்த்தேன், பொடி எழுத்தில். அப்பனைப் போன்றவர்களை வெளியே நிறுத்திவிட்டு என்னடி ஆராய்ச்சி?

வருகிற புதன்கிழமை வலது கண். மாத்திரையை இப்போது நிறுத்தினாலும் பிரயோஜனமில்லையாம், ஊசி போட்டு, தேவைப்பட்டால் பாப்பாவை விரித்துப் பிடிக்கிற வளையமும் வைத்துப் பார்க்கிறேன் என்கிறார் டாக்டர். பார்க்கிறேன் என்றுதான் சொல்கிறார். அதுவும் போனால் உன் அப்பா கழிப்பறைக்குக்கூட என் கையைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். அந்தக் காகிதம் இன்னும் பையில்தான் இருக்கிறது. உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு, இதை அவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருங்கள். அடுத்த தடவை ஆள் சேர்க்கும்போது இதை மறக்காதே, என்ன மாத்திரை என்று ஆம்பளையிடம் கேட்காதே, பெண்டாட்டியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள். நான் சொல்லியிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா