பாகியா கப்பலேறுவதற்குள்

ஜனவரி 29, 2005 – சனி

விடாத மழை. கடைக்கு ஒரு பாஸ்போர்ட் போட்டோவும் படத்துக்குச் சட்டம் போடும் வேலை ஒன்றும்தான் வந்தன. மிச்ச நேரமெல்லாம் பெரியவளான விடியானியின் பல் ராவும் சடங்கு வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். புதன்கிழமைதான் சடங்கு முடிந்தது. வீட்டுப் பந்தலின் மூங்கிலைக்கூட இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் பாதிப் படம் தயார். ஊரார் வீட்டு விசேஷம் என்றால் இரண்டு மாதம் இழுத்தடிக்கிறவள் நான்.

என் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை, அவள் படுத்திருந்த விதமே தனி. அரத்தை வைத்து மேல்வரிசைப் பற்களைத் தேய்க்கும்போது மற்றப் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து நசுக்கிவிடும். இவள் ஒரு விரலைக்கூட மடக்கவில்லை. எழுந்து கண்ணாடியில் பல்லைப் பார்த்தாள். பிறகு கேமராவைப் பார்த்து – அதாவது என்னைப் பார்த்து – ஒரு சிரிப்பு.

இதை என் வீட்டுக்காரர் பார்த்தாக வேண்டும். அடுத்தடுத்து இரண்டு ஒப்பந்தம் போட்டுக் கப்பல் சமையலறையிலேயே கிடக்கிறார். சடங்குக்கு லீவு கேட்டார், கிடைக்கவில்லை. நல்ல வேளை, எங்கள் ஊர்ப் பையன் பாகியா பத்தாம் தேதி விமானம் ஏறுகிறான். அதே கப்பலில் அவனுக்குச் சலவைப் பிரிவில் வேலை. அவன் கையில் சிடியைக் கொடுத்தால் நேரே இவர் கைக்குப் போய்விடும். தபாலை நம்ப மாட்டேன். கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும், தபால் இன்னொன்றில் கிடக்கும். பாகியாவை விட்டால் இனி ஆறேழு மாதத்துக்கு யாரும் போகவில்லை.

பிப்ரவரி 1 – செவ்வாய்

படம் முடிந்தது. நாளை சிடி எழுதிவிடலாம்.

பிப்ரவரி 2 – புதன்

பாதி எழுதியதும் கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிட்டது. மவுஸ் நகரவில்லை, கீபோர்டை எத்தனை தட்டினாலும் அசைவில்லை. திரையில் விடியானியின் பெயரும் எவ்வளவு எழுதியாயிற்று என்று காட்டும் பச்சைக் கோடும் அப்படியே நின்றுவிட்டன. அணைத்துப் போட்டேன். மறுபடி எழுதினேன். மறுபடி ஹேங்.

வெட்டி ஒட்டும்போது ஒரு தொல்லையும் இல்லை. சிடி எழுதப் போனால் மட்டும் நிற்கிறது. ஏன்?

பிப்ரவரி 4 – வெள்ளி

வேறு கம்பெனி சிடி வாங்கினேன். வேறு சாஃப்ட்வேர் ஏற்றினேன். எழுதும் வேகத்தைக் குறைத்தேன். சிடி ரைட்டரின் கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். எல்லாம் ஒரே நாளில். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் பெட்டியின் மண்டையில் ஓங்கி ஒரு போடு போட்டேன். வலித்தது எனக்குத்தான்.

டென்பசாரில் ஒரு பெரிய கடைக்குப் போன் செய்தேன். "பெட்டியைக் கொண்டாந்து விட்டுட்டுப் போங்கம்மா, ஒரு வாரம் ஆகும்" என்றான். ஒரு வாரத்தில் பாகியா நடுக்கடலில் இருப்பான்.

பாழாய்ப் போன சிடிகளை விடியானி நூலில் கோத்து வயலுக்கு எடுத்துப் போனாள், குருவி விரட்ட. "இன்னும் நாலு குடும்மா, நம்ம வயல்ல ஒரு குருவி தங்காது." சிரிக்கத்தான் செய்தேன். அவள் போன பிறகு அழுகையாக வந்தது. இந்தச் சனியன் பிடிச்ச பெட்டிக்கு என்னதான் வேணும்?

பிப்ரவரி 5 – சனி

எதிர்க்கடை லியார்தா வந்தார். சேதி அதற்குள் தெருவெல்லாம் போயிருக்கிறது.

இந்தத் தெருவில் வீடியோ கடை இரண்டுதான். கல்யாணமோ தகன ஊர்வலமோ, எதுவானாலும் அவருக்கும் எனக்கும் இழுபறி. ஆனால் இருவரும் ஒரே பஞ்சார். ஊர்க்கூட்டம் ஒன்று என்றானபின் அவர் வீட்டு விசேஷத்துக்கு நான் போய் அரிசி களைய வேண்டும், என் வீட்டு விசேஷத்துக்கு அவர் வந்து கறி கொத்த வேண்டும். சடங்கன்று விடியும் முன்பே கத்தியோடு வந்து கொல்லையில் உட்கார்ந்துவிட்டார். அப்போது சொன்னார்: "நீ போய் உம் பொண்ணு பக்கத்துல உக்காரு. படத்தை நான் எடுத்துக்கறேன்." என் மகள் சடங்குப் படத்தில் அவர் கடைப் பெயரா? "நீங்க உங்க கத்தி வேலையைப் பாருங்கண்ணே" என்றுவிட்டேன்.

இன்று வாசலில் நின்றுகொண்டே ஆரம்பித்தார்.

"என்ன சுமெர்தி, இப்பல்லாம் குருவிக்குப் படம் எழுதிக் குடுக்கறியாமே?"

"உங்க படத்தை மனுஷங்களே பாக்கறதில்ல. என் படத்தைக் குருவியாவது பாக்குது."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வேணும்னா கூப்பிடு" என்று போனார். கூப்பிட்டேனாக்கும்.

பிப்ரவரி 7 – திங்கள்

கூப்பிட்டேன்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போய் உங்கள் கம்ப்யூட்டரில் எழுதித் தாருங்கள் என்றேன். ஆனால் அவருடைய பெட்டி ஏதோ பெரிய வீட்டுத் தகனப் படத்தைச் சனிக்கிழமையிலிருந்து ஒன்று சேர்த்து வேகவைத்துக்கொண்டிருக்கிறதாம், வெள்ளிவரை ஆகுமாம். நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"அதெல்லாம் எதுக்கு? உன் பெட்டியையே சரி பண்ணிடறேன். இந்த கியாஞார் ஜில்லா முழுக்கத் தேடு, என்னை மாதிரி இன்னொருத்தன் கிடைக்கமாட்டான்."

அந்த வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் என்னென்ன செய்தேன் என்று கேட்டார். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தினா எப்படித் தெரியும்? ஒண்ணை மாத்து. எழுதிப் பாரு. நிக்குதா? மாத்தினதைப் பழையபடி வை. அப்புறம் அடுத்ததுக்குப் போ. குழம்புல உப்பு, புளி, காரம் மூணையும் சேந்தாப்ல கொட்டிட்டு எது கெடுத்துச்சுன்னு கேட்டா?"

"எனக்கு நாள் இல்லண்ணே. புதன்கிழமை சாயங்காலமே பாகியா ஊர்லேர்ந்து கிளம்பறான், மறுநாள் விமானம்."

"நாள் இல்லாதவதான் நிதானமாப் போகணும்."

பிப்ரவரி 8 – செவ்வாய்

இன்று முழுக்க லியார்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கடையை அப்படியே போட்டுவிட்டேன். அவர் தன் கடையில் மனைவியை உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார்.

ஒத்துக்கொள்கிறேன். அந்த மனிதர் வேலை செய்கிற அழகே அழகு. வாய் ஒரு பக்கம் ஓயாமல் பீற்றிக்கொள்கிறது, கை ஒரு பக்கம் அவசரமே இல்லாமல் போகிறது. கேபிளை மாற்றினார், எழுதினார், நின்றது. பழைய கேபிளையே திரும்பப் போட்டார். தன் கடையில் சும்மா கிடந்த ரைட்டரைக் கொண்டுவந்து மாட்டினார், எழுதினார், அதுவும் நின்றது. "அப்ப உன் ரைட்டர் யோக்கியன்" என்று அதைத் தட்டிக் கொடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். மெமரியை மாற்றினார். அதுவும் யோக்கியன். ஒவ்வொன்றையும் விசாரித்து விடுதலை செய்துகொண்டே வந்தார். நானாக இருந்தால் மூன்றாவது ஹேங்கிலேயே பெட்டியைத் தூக்கி ஆற்றில் போட்டிருப்பேன். அவருக்கு ஒவ்வொரு தோல்விக்கும் முகம் மலர்கிறது. "இன்னொருத்தன் கழிஞ்சான்" என்கிறார்.

இத்தனை வருஷம் அவரைத் தெருவுக்கு எதிர்ப்பக்கமிருந்து பார்த்துக் கரித்துக்கொட்டியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

ஆனாலும் இன்றும் முடியவில்லை. நாளை ஒரு நாள்தான். விடியானி, "அப்பாவுக்கு நான் போன்ல சொல்லிக்கறேன், விடும்மா" என்றாள். பல் ராவியதைப் போனில் எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 9 – புதன்

காலையில் லியார்தா வந்தார். நேற்றைப் போல உடனே பெட்டியில் கை வைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். தூங்குகிறாரோ என்று நினைத்தேன்.

"சுமெர்தி, உன் பெட்டி ஏன் இவ்வளவு அமைதியா இருக்கு?"

எனக்குப் பெருமையாகிவிட்டது. "அதுவா? முன்னெல்லாம் ஊளையிடும்ண்ணே. போன மாசம் தும்பெக் லண்டெப் பூசைக்குக் கடையில இருக்கற இரும்புக்கெல்லாம் படைச்சேன் பாருங்க. கேமரா, ஸ்டாண்டு, கத்தரி, எல்லாத்துக்கும். இதுக்குத் தனியா ஒரு தட்டு வச்சு, புனித நீர் தெளிச்சு, ஓலைத் தோரணமும் கட்டினேன். மறுவாரத்துலேர்ந்து சத்தமே இல்ல. படையலை மனசார ஏத்துக்கிடுச்சு."

"தோரணத்தை எங்க கட்டினே?"

"பின்னாடி. முன்னாடி கட்டினா பட்டனை மறைக்குமே."

பெட்டியைத் திருப்பினார். பவர் சப்ளை ஸ்க்ரூவில் நான் கட்டிய தென்னங்குருத்துப் பின்னல் காய்ந்து சருகாகித் தொங்கிக்கொண்டிருந்தது. தானாக உதிரும்வரை அதை யாரும் எடுப்பதில்லை, நானும் எடுக்கவில்லை. அதில் ஒரு கீற்று மட்டும் கம்பி வலைக்குள் போய்விட்டிருந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் விசிறியின் இதழைச் சுற்றி இறுகிக் கிடக்கிறது. விசிறி இரண்டு வாரத்துக்கு மேலாகச் சுற்றவே இல்லை. ஊளை நின்றதற்கு அதுதான் காரணம்.

"சும்மா வெட்டி ஒட்டற வரைக்கும் எப்படியோ தாக்குப் பிடிச்சிருக்கு. ரைட்டர் சுத்த ஆரம்பிச்சதும் கூடுதலா கரண்டு கேக்கும். ஏற்கெனவே கொதிச்சுக் கிடக்கறது எங்கேர்ந்து குடுக்கும்? கையை விரிச்சிடுது" என்றார்.

எனக்கு முகம் செத்துவிட்டது. நானே கட்டி, நானே கும்பிட்டு, நானே மெச்சிக்கொண்டு... இனி தெரு முழுக்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே என்று நின்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்தக் கீற்றை மெதுவாகப் பிரித்து எடுத்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய், வாசல் சன்னிதியின் ஓரமாக வைத்துவிட்டு வந்தார். எல்லாவற்றையும் கிண்டல் செய்கிற மனுஷன்.

"அடுத்த தடவை முன்னாடி கட்டு. ஓரமாக் கட்டினா பட்டன் மறையாது" என்றார், அவ்வளவுதான்.

விசிறி சுற்றியது. பழைய ஊளை. அதைக் கேட்டு எனக்கு அப்படி ஒரு நிம்மதி வரும் என்று நினைத்ததே இல்லை.

"நீ பஞ்சார் கோயிலுக்குப் போய் உன் முறை வேலையைப் பாரு. நேத்தே போகல, வராதவங்கன்னு கூட்டத்துல பேர் வாசிப்பாங்க. நான் எழுதி வைக்கறேன்."

போனேன். திரும்பி வந்தபோது சிடி தயார். பாகியா வாசலில் பைக்கை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தான். ஆரம்பத்தையும் விடியானி சிரிக்கிற இடத்தையும் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு அவனிடம் கொடுத்தேன். லியார்தாவிடம், "சாப்பிட்டுப் போங்கண்ணே" என்றேன். சாப்பிட்டார். குழம்பில் உப்புக் குறைவு என்றார்.

பிப்ரவரி 10 – வியாழன்

பாகியா போய்விட்டான்.

பிப்ரவரி 22 – செவ்வாய்

பெஜெங் ஊர்க் கல்யாணத்தை லியார்தா தட்டிக்கொண்டு போய்விட்டார். நான் முதலில் பேசிவைத்த வீடு. வாசலில் நின்று நன்றாகக் கேட்டுவிட்டேன். "உன் பெட்டியைச் சரி பண்ணினதுக்காக என் தொழிலை விட முடியுமா?" என்றார். அதுவும் சரிதான். முன்பு போல வயிறு எரியவில்லை. அந்த வீட்டுப் படத்தை அவர் நன்றாகத்தான் எடுப்பார்.

மார்ச் 4 – வெள்ளி

விடியானியின் அப்பா கூப்பிட்டார். ஏதோ துறைமுகத்தில் இறங்கி, போன் கடையிலிருந்து. கலுங்கான் பண்டிகை நெருங்குகிறது, பன்றி வாங்கியாயிற்றா என்றுதான் முதலில் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"பாத்தோம். நம்ம பக்கத்து ஆளுங்க எல்லாரும் சேந்து. விடியானி சிரிச்சப்ப ஒருத்தனும் பேசல."

"அழுதீங்களா?"

"வெங்காயம் உரிச்ச கையோட வந்தேன்."

பிறகு, "நீ ரொம்ப இளைச்சுட்டே, சுமெர்தி" என்றார்.

"என்னை எங்க பாத்தீங்க? நான்தானே படம் எடுத்தேன். அதுல நான் எங்கயும் இல்லையே."

"கடைசில வருதே. தூணுக்குப் பக்கத்துல நிக்கறே. ஒரு கண்ணுல கேமரா, இன்னொரு கண்ணுலேர்ந்து தண்ணியா ஊத்துது. துடைக்கக்கூட மாட்டேங்கறே, படம் ஆடிடும்னு. எல்லாரும் போனப்புறம் நான் அதைத்தான் போட்டுப் போட்டுப் பாக்கறேன்."

நான் அப்படி எதையும் வைக்கவில்லை.

போனை வைத்த கையோடு எதிர்க்கடைக்குப் போனேன். அந்த மனுஷன் கூச்சப்படவே இல்லை.

"கேமராவைக் கூடவே கொண்டுவர்றது பழக்கம். சடங்கன்னிக்குக் கறி கொத்திட்டு நிமிர்ந்தேன், வெளிச்சம் உன் முகத்துல நல்லா விழுந்துச்சு. வீணாக்க மனசு வரல. நீ கோயிலுக்குப் போயிருந்தப்ப கடைசில சேத்துட்டேன். கையில மசாலா, கொஞ்சம் ஆடியிருக்கும்."

போட்டுக் காட்டச் சொன்னேன். ஆடவே இல்லை. நானே எடுத்திருந்தால்கூட அவ்வளவு நன்றாக எடுத்திருக்க மாட்டேன். என் தொழிலில் என்னைவிடப் பெரிய ஆள் அவர். இதை இங்கே எழுதிவைக்கிறேன், அவரிடம் சொல்வதாக இல்லை.

போனை வைக்கும் முன் விடியானியின் அப்பா சொன்னதை இன்னும் எழுதவில்லை. ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது, நீட்டிக்கக் கையெழுத்துக் கேட்கிறார்களாம். "போடட்டுமா?" என்றார். எப்போதும் போட்டுவிட்டுத்தான் எனக்குச் சொல்வார்.

"போடாதீங்க" என்றேன்.

"சரி" என்றார், உப்பு வாங்கி வரச் சொன்னால் சொல்வதைப் போல.