கால்பந்துத் திடலில் சம்பா நெல்

ஜனவரி 28, புதன்
வலை கட்டி முடித்தாயிற்று. பேரூராட்சியிடம் குத்தகைக்கு எடுத்த குப்பைமேடு இன்று பச்சைக் கம்பளம் விரித்த கால்பந்துத் திடல். வாசலில் பலகையும் மாட்டினேன்: "செருப்புடன் உள்ளே வரக்கூடாது."

"முதல்ல ஆள் வரட்டும், அப்புறம் செருப்பப் பார்ப்போம்" என்றாள் பிரின்ஸி. கட்டிய மனைவி வாயில் ஒரு நல்ல வார்த்தை வராது.

ஜனவரி 30
மழை. அறுவடை நேரத்து மழை. ஆட வருகிறேன் என்ற பையன்கள் எல்லாம் வயலில்.

ஜனவரி 31, சனி
வெயில். ஆசையாகப் போனால் — திடல் முழுக்கத் தார்ப்பாய், தார்ப்பாய் முழுக்க நெல்! நடுவில் கீழத்தெரு காத்தாயி அக்கா காலால் கிளறிக்கொண்டிருக்கிறார். கத்தினேன்.

"ஏன் தம்பி கோவப்படுறீங்க? ஆடு வராம வலை கட்டியிருக்கீங்க. செருப்போட நெல்ல மிதிக்கக் கூடாதுன்னு போர்டு வேற. களத்து வழக்கம் தெரிஞ்ச புள்ளன்னு பேசிக்கிட்டோம்."

ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். அள்ளச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு நாள்தானே.

பிப்ரவரி 2
ஒரு நாளாம்! மாமனார் வீட்டு நெல்லும் வந்து இறங்கியிருக்கிறது. பிரின்ஸி வேலை.

பிப்ரவரி 4, புதன்
மாட்டிக்கொண்டேன். பேரூராட்சிச் செயல் அலுவலர் பூவிழி மேடம் ஆய்வுக்கு வந்துவிட்டார். பலகையைப் படித்துச் செருப்பைக் கழற்றினார். நெல்லைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இது என்ன விளையாட்டு, ஜெரால்ட்?"

"காயுதுங்க மேடம்" என்றேன். என் வாயில் மண்ணைப் போட!

"விளையாட்டுக்கு மட்டும்னு ஒப்பந்தத்துல இருக்குல்ல? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இங்க மேட்ச் நடக்கணும். இல்லேன்னா குத்தகை ரத்துதான்."

திருப்பூர் வேலையை உதறிவிட்டு வந்தேனே. பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 5
ஆட ஒருத்தனும் இல்லை. "நெல்லு கெடக்குண்ணே" என்கிறான்கள். அது என் திடலில்தானேடா கெடக்கு!

காத்தாயி அக்காவிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? சனிக்கிழமைக்குள்ள காய வச்சு மூட்டை கட்டிடுறோம். பயலுவள நான் கூட்டியாறேன்."

முதலிலேயே சொன்னேன். கத்தியே சொன்னேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு
ஒரு மணி நெல் இல்லை! அறுவடை மெஷின் ஓட்டுகிறவர்கள் ஒரு பக்கம், மூட்டை தூக்குகிறவர்கள் மறுபக்கம். எல்லாரும் வெறுங்கால். நடுவர் சகாயராஜ் சார் மட்டும் பூட்ஸுடன் நுழைந்தார். காத்தாயி அக்கா தலைமையில் பெண்கள் போட்ட கூச்சலில் பாவம், வாசலுக்கே ஓடிக் கழற்றினார்.

யார் ஜெயித்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் குத்தகை பிழைத்தது. ஆட்டம் பார்க்க வந்திருந்த மேடம் கிளம்பும்போது வானத்தைப் பார்த்தார்.

"சாயங்காலம் தவறாம ஆட்டம் நடக்கட்டும். அறுப்பு முடியற வரைக்கும் பகல்ல நான் இந்தப் பக்கம் வரமாட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிப்ரவரி 9
காலையிலிருந்து மேலத்தெரு நெல்லைக் காலால் கிளறுகிறேன். ஐந்து மணிக்கு ஆட்டம். பலகையில் பிரின்ஸி ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "நெல் இருக்கும்போது பந்து கூடாது."