அறுந்துபோன லைன்

12.10.2004, செவ்வாய்

டிஸ்பென்சரி டொக்டர் ஐயாவை யார் அப்படி விளக்கச் சொன்னது? ஞாயிற்றுக்கிழமை ஆம்பிளைகளை, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் கூட்டிவைத்துக் குடியைப் பற்றிப் பேசினாராம். மூளையில் யோசிக்கிற இடமும் கோபப்படுகிற இடமும் நம் தேயிலைத் தோட்டத்து ஆபீசும் பெக்டரியும் மாதிரியாம். நடுவில் டெலிபோன் லைன் ஓடுகிறதாம். குடிக்கக் குடிக்க அந்த லைன் கெட்டுப்போய், ஆபீஸ் நிறுத்தச் சொன்னாலும் பெக்டரிக்குக் கேட்காதாம்.

நல்ல பேச்சுத்தான். என் வீட்டுக்காரர் அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டார்.

இன்றைக்கும் கசிப்புச் சாராய வாடையோடு வந்தார். ரொட்டி தடிப்பாக இருக்கிறதென்று தட்டைச் சுவரில் அடித்தார். சின்னவள் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டாள். நான் கத்தினேன்.

"என்னைய ஏன் புள்ள ஏசுற? லைன் அறுந்துருச்சுன்னு டொக்டர் ஐயாவே சொல்லிட்டாருல்ல. நான் என்னா செய்ய?"

அந்த நேரம் பார்த்து, வேலைக்கு ஆள் பிரிக்கிற கணக்கப்பிள்ளை வாசலில் வந்து கூப்பிட்டார். நாளைக்குத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற மலைக்கு ஆள் குறைகிறதாம். இவர் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்றார்.

"சரிங்கய்யா. விடியவே வந்துர்றேங்கய்யா."

குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. கதவைச் சாத்தியதும் மறுபடி தள்ளாட்டம், மறுபடி அதே லைன் கதை.

கணக்கப்பிள்ளைக்குப் போகிற லைன் மட்டும் எப்படி அறுபடவில்லை? டொக்டர் ஐயாவிடம் இதைக் கேட்காமல் விடமாட்டேன்.

இவர் குறட்டை விடுகிறார். சின்னவள் கட்டிலுக்கடியிலேயே தூங்கிவிட்டாள். நாளை சாயங்காலமும் கணக்கப்பிள்ளையை இந்தப் பக்கம் வரவைக்க என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். குடிக்காமலே எனக்கும் மூளை கெட்டுப்போய்விட்டது.